ஜார்ஜியாவிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டு நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. முன்பு எழுதியிருந்தேனே, கடுங்குளிரிலும் வாசலில் அமர்ந்திருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டி, அவர் ஞாயிறன்று 'பீநட் பட்டர் பை' (pie) என்னும், கடலை விழுதில் செய்த இனிப்பு கொண்டுவந்தார். கடலை ஒத்துக்கொள்ளுமா என்று கேட்ட பிறகே தட்டைக் கையில் தந்தார். கடலை ஒவ்வாமையால் உயிருக்கே ஆபத்து நேர்பவர்கள் உண்டு.

அமெரிக்காவிலேயே நிலக்கடலை அதிகம் விளைவது இந்த மாநிலத்தில்தான். ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டரும் இங்கே கடலை விவசாயம் செய்தவர். பாட்டி தந்த இனிப்புக்கு, பிஸ்கட்டைப் பொடித்து உருக்கிய வெண்ணெயில் பிசைந்து தட்டில் அழுத்தி, வறுத்தரைத்த கடலை விழுதோடு க்ரீம் சீஸ், பொடித்த சர்க்கரை, நுரைக்க அடித்த க்ரீம் ஆகியவற்றைக் கலந்து அதன்மேல் நிரப்பி, இரவு முழுவதும் பிரிட்ஜில் வைத்தால், அடுப்பில் வேகவைக்காமலே வெட்டும் பதத்துக்கு இறுகிவிடுகிறது. கடலை விழுதின் உப்பு சர்க்கரையைத் திகட்டவிடுவதில்லை. வாயில் குளிர்ந்து கரைந்த பிறகு வறுத்த மணம் மட்டும் தங்குகிறது. அந்த மணத்தில், ஆனி மழைக்கு நம் அடுக்களையில் நீங்கள் கப்பலண்டிக் கடலை வறுப்பது நினைவுக்கு வந்து, சற்று நேரம் சாப்பிட முடியவில்லை அம்மா.

இரண்டு மேசைக்கரண்டி பீநட் பட்டரில் ஏறத்தாழ 190 கலோரியும் 7 கிராம் புரதமும் 16 கிராம் கொழுப்பும் உண்டு. அக்கொழுப்பில் பெரும்பகுதி இதயத்துக்குக் கேடில்லாத வகை. ஆனால் வெண்ணெயும் க்ரீமும் சர்க்கரையும் சேர்ந்த பின், ஒரு துண்டே ஒரு வேளைச் சாப்பாட்டின் கனத்தைப் பெற்றுவிடுகிறது. அன்று இரவு நான் சமைக்காததற்கு அதுவே காரணம், வேறொன்றுமில்லை.

மைனி இதைச் செய்து பார்க்க விரும்பினால், க்ரீம் சீஸுக்குப் பதில் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்துச் சேர்க்கட்டும். மெலிந்திருக்கும் பிள்ளைக்குச் சிறு துண்டு நல்லது. சர்க்கரை நோயுள்ள அப்பாவுக்கு மட்டும் வேண்டாம். அவருக்கு உப்பிட்டு அவித்த கடலையில் ஒரு கைப்பிடி போதும். இங்கும் சாலையோரத்தில் அப்படி அவித்து விற்கிறார்கள்.

குலசேகரத்து விளையில் ரப்பர் பால்வெட்டு தொடங்கிவிட்டதா? வெட்டுக்காரருக்குக் கூலிப் பாக்கி வைக்க வேண்டாம். இம்மாதம் பணம் வரச் சற்றுத் தாமதமாகும்; அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். எல்லை அளக்க சர்வேயர் வரும்போது சித்தப்பாவை உடன் இருக்கச் சொல்லுங்கள். பட்டா நகல் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

அன்பு மகன்