நாலு நாள் வேண்டாம், ரெண்டு போதும்

கண்ணு,

ஜிம்மில் நீ நடத்தும் கிளாஸ்களின் டைம்டேபிளைப் பார்த்தேன். திங்கள் காலை அடுத்தடுத்து ரெண்டு சைக்ளிங், செவ்வாய் சாயங்காலம் ஜும்பா, புதன் காலை ஒரு சைக்ளிங், வியாழன் மறுபடி ஜும்பா, வெள்ளி காலை ரெண்டு ஹிட் (விட்டு விட்டு முழு வேகத்தில் செய்யும் பயிற்சி), சனிக்கிழமை பார்பெல் கிளாஸ். மொத்தம் எட்டு. இதற்கு மேல் நாலு நாள் நீ தனியாக வெயிட் தூக்கப் போகிறாயாக்கும்! ரெண்டு நாள் போதும். அந்த ரெண்டும் கனமாக இருக்கட்டும்.

சனிக்கிழமை கிளாஸை உன் கணக்கில் சேர்க்காதே. 10 கிலோவை வைத்துக்கொண்டு ஒரு பாட்டு முழுக்க ஸ்குவாட் போட்டால் தொடை எரியும், தாக்குப்பிடிக்கும் சக்தி வரும், பலம் ஏறாது. பலத்துக்கு, ஆறேழு தடவைக்கு மேல் தூக்க முடியாத எடை வேண்டும், செட்டுக்கு நடுவே 3 நிமிஷம் ஓய்வும் வேண்டும். பாட்டு ஓடும் கிளாஸில் அந்த 3 நிமிஷம் எங்கே கிடைக்கும்?

1980-இல் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் 10 வாரம் சோதித்துப் பார்த்தார். வெயிட்டோடு வாரம் 6 நாள் கடுமையான ஓட்டமும் சைக்கிளும் சேர்த்துச் செய்தவர்களுக்கு ஏழெட்டு வாரம் வரை பலம் ஏறியது, பிறகு இறங்கியது. வெயிட் மட்டும் தூக்கியவர்களுக்கு ஏறிக்கொண்டே போனது. உன் வாரமும் அந்த முதல் கூட்டத்தின் வாரம் மாதிரிதான் இருக்கிறது.

அதனால் செவ்வாயும் வியாழனும் காலை 11 மணி. ஜும்பாவுக்கு எட்டு மணி நேரம் இருக்கும். 6 மணி நேரத்துக்குக் குறையவே கூடாது. செவ்வாய் காலுக்கான நாள், ஏனென்றால் மறுநாள் ஒரே ஒரு கிளாஸ்தான். ஸ்குவாட் 5 தடவை வீதம் 3 செட், ரோமேனியன் டெட்லிஃப்ட் (இடுப்பில் குனிந்து பாரைத் தூக்குவது) 6 வீதம் 2, பெஞ்ச் பிரஸ் 5 வீதம் 3. வியாழனுக்கு ஓவர்ஹெட் பிரஸ் 5 வீதம் 3, புல்டவுன் (மேலிருந்து கீழே இழுப்பது) 8 வீதம் 3, ஹிப் திரஸ்ட் (எடையோடு இடுப்பை மேலே உயர்த்துவது) 8 வீதம் 2. வியாழன் லஞ்ச் (ஒரு காலை முன்னே வைத்து முழங்காலை மடக்கி இறங்கும் பயிற்சி) போடாதே. அதனால் வரும் கால் வலி மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும்; வெள்ளிக்கிழமை குதிக்கும்போது முழங்கால்தான் அதை வாங்கிக்கொள்ளும். எந்த செட்டிலும் இன்னும் ரெண்டு தடவை தூக்கலாம் என்று தோன்றும்போதே பாரை வைத்துவிடு. ஞாயிறைத் தொடாதே.

கிளாஸிலும் உன் உடம்பை மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. ஹிட்டில் முதல் எட்டு கவுண்ட் செய்து காட்டு, பிறகு மைக்கோடு நடுவே நடந்து முதுகு வளைபவர்களைத் திருத்து. அதுதான் நல்ல டீச்சிங்கும்கூட. சைக்கிளில் "ஏத்துங்க" என்று சொல்லி, எதிர்ப்பைக் கூட்டும் குமிழில் கையை வை, திருப்பாதே. யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் ஒரேயடியாகத் தளர்த்திவிடாதே. கால் வேகமாகச் சுற்றும்போது இடுப்பு சீட்டில் துள்ளினால் எதிர்ப்பு போதவில்லை என்று அர்த்தம், அது முழங்காலுக்கு ஆகாது. டெமோவில் எப்போதும் வலது காலையே முன்னே வைக்கிறாயா என்றும் பார். அப்படியென்றால் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இடதில் ஆரம்பி.

சாப்பாட்டில்தான் எனக்குக் கவலை. 60 கிலோவுக்கு, கிலோவுக்கு 1.6 கிராம் வீதம், நாளைக்கு 96 கிராம் புரதம் வேண்டும். 3 முட்டையில் 18, வெந்த கோழி நெஞ்சுக்கறி 150 கிராமில் 45, காய்ந்த சோயா உருண்டை 50 கிராமில் 25. மிச்சத்துக்கு ஒரு கிண்ணம் சுண்டல். காலை 6 மணி கிளாஸுக்கு வெறும் வயிற்றோடு போகாதே, ஒரு வாழைப்பழமாவது உள்ளே போகட்டும். தீட்டு மூணு மாசம் வராமல் நின்றால் "ஃபிட்டா இருக்கேன்" என்று சந்தோஷப்படாதே. செலவழிக்கும் அளவுக்கு நீ சாப்பிடவில்லை என்பது அது. உடனே டாக்டரைப் பார்.

அரை கிலோ பிளேட் ரெண்டு பார்சலில் போட்டிருக்கிறேன். ஜிம்மில் இருக்கும் சின்ன பிளேட் 1.25 கிலோ. இரண்டு பக்கமும் மாட்டினால் 2.5 ஏறும், 25 கிலோ ஓவர்ஹெட் பிரஸ்ஸில் அது பத்தில் ஒரு பங்கு, அங்கேதான் எல்லோரும் மாசக்கணக்கில் சிக்கி நிற்பார்கள். இதை மாட்டினால் ஒரு கிலோதான் ஏறும். உன் பெயரைப் பெயின்டில் எழுதி வை. சின்ன பிளேட்தான் முதலில் காணாமல் போகும்.

அம்மா