செயலாளர் ஆண்டறிக்கை: சோலைக்கிளியும் சாம்பல் நிற அணிலும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நம் இயற்கைச் சங்கம் இவ்வாண்டு அதிகம் பேசியது நீலகிரிச் சோலைக்கிளியையும் சாம்பல் நிற மலை அணிலையும் பற்றித்தான்.

முதலில் ஒரு திருத்தம். சென்ற ஆண்டுத் துண்டறிக்கையில் சோலைக்கிளியைக் கிளி இனமாக அச்சிட்டது என் பிழை. மலையாளத்தில் 'கிளி' என்றால் எந்தப் பறவையும்தான். இது ஈப்பிடிப்பான் குடும்பத்துப் பாடும் பறவை. 2017இல் இதற்கும் இதன் உறவுகளுக்கும் 'சோலிகோலா' என்று தனிப் பேரினமே வகுத்தார்கள். நம் 'சோலை' அறிவியல் பெயரில் ஏறியிருப்பதில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. அணிலோ பாலூட்டி; எலியைப் போலக் கொறிக்கும் விலங்கு, வாழ்நாள் முழுதும் வளரும் முன்பற்கள் கொண்டது.

வாழிடத்தில்தான் விவாதம் நீண்டது. சோலைக்கிளி பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, உயர்மலைச் சோலைகளின் இருண்ட புதர்த் தரையில் பூச்சி தேடுகிறது. கணவாய்க்குத் தெற்கே பழனி, ஆனைமலைப் பக்கம் இருப்பது வேறு இனம். தேயிலைக்கும் தைலமரத்துக்கும் சோலைகள் அழிந்தபின் எஞ்சியவை துண்டுகள். அணிலுக்குத் தரை ஆகாது. ஆற்றோர மருதும் புளியும் மாவும் கிளை கோத்து நிற்கும் இடமே அதன் ஊர். உச்சியில் கூடு, கிளைவழியே போக்குவரத்து. நடுவே நான்கு மரம் வெட்டினால் அது தரையிறங்க வேண்டும், அங்கே நாய் காத்திருக்கும்.

உயிரினங்களின் அழிவு அபாயத்தை வகைப்படுத்தும் உலகச் செம்பட்டியலில் சோலைக்கிளி 'அருகிய இனம்'; அணில் அதைவிட அபாயம் குறைந்த 'அச்சுறு நிலையை அண்மித்த இனம்'. அணில் தேவலை என்று சிலர் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988இல் அதன் பெயரிலேயே சரணாலயம் அமைந்தது, 2021இல் அது புலிகள் காப்பகத்திலும் சேர்ந்தது, உண்மைதான். ஆனால் இந்தியாவிலும் இலங்கையிலும் தவிர அந்த அணில் உலகில் வேறெங்கும் இல்லை. காவிரிக் கரையிலும் கேரளத்தின் சின்னாற்றிலும் இருப்பவை தனித்தனிக் கூட்டங்கள். ஒன்று அழிந்தால் இன்னொன்றிலிருந்து வந்து சேர வழியில்லை.

ஆற்றோர மரம் எதை வெட்ட ஏலம் அறிவித்தாலும், மேலே கிளைத் தொடர் அறுகிறதா என்று நேரில் பார்த்து வனத்துறைக்கு எழுதுவதென்று செயற்குழு தீர்மானித்துள்ளது. திருத்திய துண்டறிக்கை வாசலில் இருக்கிறது. பழையதை வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ளவும்.

செயலாளர்