நாகனின் மூச்சும் மனிதனின் வெறுங்கையும்: விதி எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

வன்னிக் காட்டையும் குளங்களையும் களமாக வைத்து நீங்கள் எழுதிவரும், ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் மேசை ஆட்டத்தின் விதிக் கொப்பியை மூன்று தடவை வாசித்துவிட்டேன். வரைபடம் அருமை. பாலை மரத்து ஆவிகளைப் பற்றிய பகுதியை வீட்டிலும் வாசித்துக் காட்டினேன். என் சண்டை முழுவதும், பாத்திரம் மனிதனா நாகனா இயக்கனா என்றெல்லாம் தெரிவுசெய்யும் 'இனங்கள்' என்ற அத்தியாயத்தோடுதான்.

போன ஞாயிறு நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். குளம் வான் பாய்கிறது, கட்டு உடையும் தறுவாய், தண்ணீரைத் திறந்துவிடும் துருசுக் கதவு அடியில் இறுகிக் கிடக்கிறது. நான்கு பேரும் கூடி மண்டையை உடைக்க வேண்டிய இடம். "நான் நீருக்குள் மூச்சு விடுவேன்" என்றான் நாகனை ஆடிய தம்பி. இறங்கினான், திறந்தான், ஏறினான். பகடையைத் தொடக்கூட இல்லை. மனிதப் பெண்ணை ஆடிய தங்கச்சி கச்சான் கோதுகளை மேசை விளிம்பில் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய முறை வந்தபோது அது ஒரு சிறு குளக்கட்டு அளவுக்கு வளர்ந்திருந்தது.

அதற்கு நீங்கள் செய்த திருத்தம், நாகனின் வலிமை உருட்டலில் ஒன்று குறைப்பு, மனிதனின் எல்லா உருட்டலிலும் ஒன்று கூட்டல். இது கணக்குத் தீர்ந்த மாதிரித் தோன்றும், தீரவில்லை. இருபது முகப் பகடையில் ஒன்று என்பது நூற்றுக்கு ஐந்து. இருபது தடவை உருட்டினால் ஏறத்தாழ ஒரு தடவைதான் அந்த ஒன்று தோல்வியை வெற்றியாக்கும். ஒரு மாலையில் ஒருவர் இருபது தடவை உருட்டுவதே பெரிய காரியம். நீருக்குள் விடும் மூச்சோ பகடையையே தேவையற்றதாக்கிவிடுகிறது. நெல்லைப் புசலில் அளக்கிறோம் என்பதற்காக வாய்க்கால் தண்ணீரையும் புசலில் அளப்பதா?

இந்தத் தலையிடி உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. 1974 இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் மனிதரல்லாதோரின் சிறப்புத் திறன்களுக்கு ஈடாக, பாத்திரம் ஏறக்கூடிய படிகளுக்கு ஒரு நிலை வரம்பு வைத்தார்கள். குள்ள வீரன் ஆறாம் நிலையைத் தாண்ட முடியாது. ஹாஃப்லிங் என்ற சின்ன உருவ ஆள் நான்கோடு சரி. முதலில் தின்ற விருந்துக்குக் கடைசியில் வட்டி. ஆட்டம் அவ்வளவு தூரம் போகாவிட்டால் வட்டி கட்டவே தேவையில்லை. போனாலோ, கூட்டாளிகள் ஏறிக்கொண்டிருக்க ஒருவன் மட்டும் படியில் நிற்பான். 2000 ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு அந்த வரம்பை எடுத்துவிட்டு, மனிதனுக்கு, தானே தெரிவுசெய்யும் சிறப்புத் திறமை ஒன்றைக் கூடுதலாகக் கொடுத்தது. நான் அந்தக் கட்சி. 2014 இல் மனிதனுக்கு ஆறு திறன்களிலும் ஒவ்வொன்று கூட்டிப் பார்த்தார்கள். அங்கே திறன் எண் இரட்டைக்கு ஏறும்போதுதான் உருட்டலில் பலன் கூடும் என்பதால், ஒற்றை எண்ணில் நிற்கும் திறனுக்குத்தான் அதனால் உடனடிப் பயன். நீங்கள் பிடித்திருப்பது அந்த வழியைத்தான்.

அதைவிட எனக்கு உறுத்துவது இயக்கனுக்குப் போட்ட 'அறிவில் குறைப்பு'. மகாவம்சத்தில், இலங்கையில் வந்திறங்கிய விஜயனின் ஆட்கள் வரும்போது இயக்கப் பெண்ணான குவேனி மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். இயக்கரை வெல்ல வழி சொல்லிக் கொடுத்தவளும் அவளே. அவள் செய்தது சரியா பிழையா என்பது வேறு வழக்கு. அறிவு குறைந்தவள் என்று யார் சொன்னது? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்காரர்களே 2024 பதிப்பில் திறன் கூட்டலைப் பிறப்பிலிருந்து பிரித்து வளர்ந்த பின்னணியோடு சேர்த்துவிட்டார்கள். நந்திக்கடலில் வலை இழுத்து வளர்ந்தவளுக்குத் தோளில் வலு வரட்டும். அவள் நாகியா மனுசியா என்று பார்க்க வேண்டியதில்லை.

பாத்திரத் தாளின் இரண்டாவது வரியில் 'இனம்' என்று ஒரு கட்டம் வேறு. பிறப்புச் சான்றிதழ் தொடக்கம் எத்தனை படிவங்களில் இதே கட்டத்தை நிரப்பியிருக்கிறோம்! ஞாயிற்றுக்கிழமையாவது ஓய்வு வேண்டாமா? 'குலம்' என்று மாற்றினால் சாதி கேட்பது போலாகிவிடும். 'மரபு' என்று போடுங்கள். 2019 இல் வந்த பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பும் ஏறக்குறைய அந்தப் பொருள் தரும் சொல்லையே எடுத்தது.

இனி நாகனின் மூச்சு. அதைப் பறிக்க வேண்டாம், ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம் என்று எல்லை வையுங்கள். துருசுக்குள் ஒருவன் இறங்கினால் கட்டின் மேல் சங்கிலி இழுக்க இன்னொருவர் வேண்டும் என்று காட்சியை அமையுங்கள். இருட்டில் பார்க்கும் கண்ணை ஐந்து மரபில் நான்குக்குக் கொடுத்திருக்கிறீர்கள். பொருட்பட்டியலில் அரிக்கன் லாம்புக்கு அத்தனை ஆசையாக விலை எழுதியவர் யாரோ, அவரிடம் கேளுங்கள், இதுவரை ஒன்றாவது விற்றதா என்று. ஒரு மரபுக்கு மட்டும் அந்தக் கண் போதும்.

மனிதனுக்கு என்ன? ஓர் ஆட்டத்துக்கு ஒரு தடவை, எந்த ஊர்ப் படலையில் நின்றாலும் "நீங்கள் இன்னாரின் பிள்ளைதானே?" என்று கேட்டுக்கொண்டு ஒருவர் வெளியே வரட்டும். இத்தனை தரம் இடம்பெயர்ந்த சனத்துக்கு மாங்குளத்தில் ஒரு பள்ளித் தோழனும் விசுவமடுவில் ஒரு பழைய அயலவரும் இல்லாமற் போவார்களா? படுக்கப் பாய், ஒரு நேரச் சோறு, காட்டுவழி தெரிந்த ஒரு பெரியப்பா. நாகனால் முடியாத காரியம் இது. பகடையும் வேண்டாம்.

சரிபார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். கொப்பியின் பின்பக்கத்தில் ஆளுக்கொரு வரி. யாருடைய மரபு ஒரு காட்சியைத் தீர்க்கிறதோ அவருக்கு ஒரு கோடு. போன ஞாயிறு நாகனின் வரி நிறைந்து அடுத்த வரிக்கு இறங்கியது; மனிதனின் வரி வெறுமை. அடுத்த ஞாயிறு அதே துருசுக் காட்சியைத் திரும்ப ஆடுவோம். தங்கச்சியின் முறை முதலில் வரட்டும். கச்சான் நான் வாங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
விடாப்பிடியாக மனிதனையே ஆடும் உங்கள் அண்ணை