நக்கல் இல்லாமல் 150 சொற்கள்

அன்புள்ள எருமைக்கு,

உன் கல்யாணத்துக்கு வராததற்கு மன்னிப்புக் கேட்டு ஏற்கெனவே மூன்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டேன். மூன்றுக்கும் நீ கட்டைவிரலை மட்டும் காட்டினாய். அதனால்தான் கடிதம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன் வீட்டுக்காரர் ரசம் வைக்கிறார் என்று குண்டு சொன்னாள், நம்பவில்லை. மேலே படி.

நான் பார்லிமென்ட்டில் வேலை பார்ப்பதாக அங்கே யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்களாம். அதெல்லாம் இல்லை. எம்.ஏ. அரசியல் அறிவியல் கடைசி செமஸ்டரில் ஒரு எம்.பி.யிடம் நாலு மாதம் இன்டர்ன்ஷிப் செய்து அறிக்கை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நார்த் அவென்யூவில் மேடத்தின் ஃப்ளாட், அதில் முன்னறை, துணிக்கொடிக்குக் கீழே ஒரு மேஜை. அதுதான் என் நாடாளுமன்றம். புதுக் கட்டடத்துக்குக் கருடன், யானை, குதிரை, மகரம் என்று ஆறு வாசல்கள். ஒன்றிலும் நான் நினைத்தபடி நுழைய முடியாது. ஒரே ஒரு நாள் பார்வையாளர் மாடத்துக்குப் பாஸ் கிடைத்தது. மக்களவையில் உறுப்பினர்கள் 543 பேர், இருக்கைகள் 888. பந்திக்கு முன்னாலேயே கூடுதலாக இலை போட்டு வைத்த மாதிரி இருந்தது. அந்த இலைகளில் எந்த ஊர்க்காரர்கள் உட்காரப் போகிறார்கள் என்பது வேறு கவலை, அதை இதில் இழுக்க வேண்டாம்.

விஷயம் இதுதான். வந்த மறுவாரம் மேடம், "ஒரு கேள்வி தயார் பண்ணும்மா" என்றார். 15 முழு நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும், 150 சொல்லைத் தாண்டக் கூடாது. அதுகூடப் பரவாயில்லை. வாதம், அனுமானம், கிண்டல், அடைமொழி எதுவும் இருக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது, விதி 41. என்னிடமிருந்து கிண்டலைக் கழித்துவிட்டால் மிச்சம் என்னடி இருக்கும், மூக்குக்கண்ணாடிதானே? ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து இங்கிலீஷில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேடத்தின் உதவியாளர், பி.ஏ. அண்ணன், படித்துப் பார்த்து 'ஸ்டில்' (இன்னமும்) என்ற ஒரே சொல்லை மட்டும் சிவப்பில் அடித்தார். "இதுல குத்தல் இருக்கு பாப்பா."

என்ன கேள்வி என்று கேட்க மாட்டாயா? நம் ஹாஸ்டலுக்குப் பின்பக்கம் தொட்டி அடைத்துக்கொண்டபோது ஒருவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினாரே, ஞாபகம் இருக்கிறதா? நாம் நாற்றம் தாங்காமல் ஜன்னலைச் சாத்திவிட்டு மறுநாள் பரீட்சைக்குப் படித்தோம். அன்று அவர் ஏறி வந்துவிட்டார். அதனால்தான் நாம் மறந்துவிட்டோம். ஏறி வராதவர்கள் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றியது.

கேட்டேன். குலுக்கலில் நட்சத்திரம் விழவில்லை. நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் ஒரு நாளைக்கு 20தான், அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்வது அவற்றுக்குத்தான். என்னுடையதற்கு எழுத்தில்தான் பதில். கையால் மலம் அள்ளுவதால் மரணம் எதுவும் பதிவாகவில்லை, மற்ற உட்பிரிவுகளுக்குக் 'கேள்வி எழவில்லை' என்று வந்தது. எழவில்லையாம்! எழுதினவள் இங்கே கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

நான் குதித்த குதியைப் பார்த்து அண்ணன் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் வருடச் சட்டத்தின் நகலைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். வக்கீலம்மாவுக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை. கையால் மலம் அள்ளுவது ஒரு வரையறை. பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறக்குவது 'அபாயகரமான துப்புரவு', அது தனி வரையறை. தொட்டிக்குள் மூச்சடைத்துச் செத்தவர் இரண்டாவது கணக்கில் போய்விடுவார். நான் முதல் கணக்கைக் கேட்டேன், அதில் பூஜ்யம் என்றார்கள். 2021-லும் நாடாளுமன்றத்தில் இதே கேள்விக்கு இதே பதில்தான் வந்து பெரிய ரகளை ஆயிற்று. அதைப் படிக்காமல் கேட்டது என் முட்டாள்தனம். ஆனாலும் ஒருவர் எதனால் செத்தார் என்பதை ஒரு சொல் மாற்றிவிட முடியும் என்று தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாவது தடவை சொல்லை மாற்றிக் கேட்டோம். மாநில வாரியாகப் பட்டியல் வந்தது. 1993-லிருந்து எடுத்த கணக்கில் முதலில் நிற்பது நம் தமிழ்நாடு. பட்டியல் நமக்காவது பெருமை தேடித் தந்ததே என்று கிண்டலடிக்கலாம் என்று பார்த்தேன், வரவில்லை.

கடைசி உட்பிரிவில் நஷ்டஈடு பற்றிக் கேட்டிருந்தேன். 2014-ல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் என்றது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. கூடுதல் தொகை எத்தனை குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது? தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும் என்று பதில். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அண்ணனோ, "பாப்பா, மாட்டிக்கிட்டாங்க!" என்று கையைத் தட்டினார்.

அரசு உறுதிமொழிகள் குழு என்று ஒன்று 1953-லிருந்து இருக்கிறதடி, 15 உறுப்பினர்கள். 'பரிசீலனையில் உள்ளது', 'தகவல் திரட்டப்படுகிறது' மாதிரி எந்தெந்தச் சொற்றொடர் அமைச்சர் வாயிலிருந்து வந்தால் அது வாக்குறுதி ஆகும் என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். அதைக் குறித்துக்கொண்டு மூன்று மாதத்துக்குள் நிறைவேறியதா என்று கேட்பார்கள். கட்டுரைக்குக் கட்டுரை 'பொறுப்புடைமை' என்று எழுதி மார்க் வாங்கினோமே, இதைப் பற்றி நம் சார் ஒரு வார்த்தை சொன்னாரா? தூக்கத்தில் நான் தவறவிட்டிருந்தாலும் நீ முதல் பெஞ்சு.

ஒரு கேள்வியால் என்ன கிழிந்துவிடும் என்று நீ கேட்பாய். அண்ணன் அதற்கென்றே அந்தக் கால நிதியமைச்சர் டி.டி.கே.யின் (டி.டி.கிருஷ்ணமாச்சாரி) கதையை வைத்திருக்கிறார். எல்.ஐ.சி. பணம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிகளுக்குள் போனது 1957-ல் ஒரு கேள்வியில்தான் வெளியே கிளம்பியது, மறு வருடம் நிதியமைச்சர் ராஜினாமா. எனக்கு அவ்வளவு பேராசை இல்லை. அமைச்சகங்கள் அவகாசம் கேட்கலாம், உறுதிமொழியைக் கைவிடச் சொல்லியும் கேட்கலாம். மூன்று மாதம் முடிவதற்குள் என் இன்டர்ன்ஷிப் முடிந்துவிடும். அப்புறம் இதை யார் தேதி பார்த்துக் கேட்பார்கள் என்பதுதான் ராத்திரியில் முழிப்பு வரவைக்கிறது. அண்ணன் காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறார். அந்தக் காலண்டரில் காஸ் சிலிண்டருக்கும் வட்டம் இருக்கிறது.

இப்போது உனக்கு ஒரு வேலை. அதே சட்டத்தில் பிரிவு 9 பார். ஆளை இப்படித் தொட்டியில் இறக்கினால் முதல் தடவைக்கு இரண்டு வருடம் வரை ஜெயில், அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் கோர்ட்டில் இந்தப் பிரிவில் ஒரு வழக்காவது பதிவாகியிருக்கிறதா? தீர்ப்பு வரை போனதா? உன் சீனியரைக் கேட்டாவது எழுது. மேடம் அடுத்த கேள்வியைத் தண்டனை பற்றிக் கேட்கலாம் என்கிறார். இந்தத் தடவை சொல்லில் கோட்டைவிட எனக்கு மனசில்லை.

கட்டைவிரல் அனுப்பினாய் என்றால் ஊருக்கு வந்து ஒடிப்பேன்.

உன்,
கொசு