கல்லை விற்க வேண்டாம், அப்பா

உ

ஸ்கார்பரோ, டொராண்டோ
தை 8, வியாழன்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம். நலமறிய ஆவல்.

கார்த்திகையில் நீங்கள் போட்ட கடிதம் பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் வந்து சேர்ந்தது. அதற்கு முந்திய கடிதத்துக்கே நான் பதில் போடவில்லை. ‘ஆடித் தபசுக்குப் பிறகு உன் எழுத்தைப் பார்க்கவில்லை’ என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நாலு வார்த்தை திட்டி எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அம்மாவிடம் வாரா வாரம் போனில் பேசிவிடுகிறேன், வீட்டுக்கு எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். போனில் உங்களுக்குக் காது கேட்காது என்று தெரிந்தும் இப்படி இருந்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அப்பா.

என்ன சாப்பிடுகிறாய், எங்கே சாப்பிடுகிறாய், கடைச் சாப்பாடு உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். அம்மா கேட்டால் ‘சாப்பிட்டேம்மா’ என்பதோடு முடிந்துவிடும். பரோட்டாக் கடைக்காரரான நீங்கள் கேட்கும்போது அப்படிச் சொல்ல முடியாது. விவரமாகவே எழுதுகிறேன்.

இன்றைக்குக் குளிர் மைனஸ் 18. மூக்குக்குள் இருக்கும் ஈரம் உறைவது நமக்கே தெரியும். அதற்கு மேல் குளிரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வீட்டுக்குள் ஹீட்டர் இருக்கிறது, பயப்படாதீர்கள்.

பக்கத்து அறை மணிலாக்காரரைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன் இல்லையா, அவரோடுதான் இப்போதெல்லாம் வெளியே சாப்பிடப் போகிறேன். எழுபதை நெருங்குகிறவர். ஆனாலும் ‘குயா’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்பார். அவர்கள் பாஷையில் அண்ணன். முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். நம்ம தூத்துக்குடிக்கு இரண்டு தடவை வந்திருக்கிறாராம். நான் சங்கரன்கோவில் என்று சொன்னபோது விழித்தார், தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். எந்தக் கடைக்குப் போனாலும் சட்டைப் பையில் சொந்தக் கரண்டி இருக்கும். பூண்டும் மிளகாயும் ஊறப்போட்ட வினிகர் ஒரு சின்ன பாட்டிலில் கூடவே வரும். அதை ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் எதையும் சாப்பிட மாட்டார். எந்த நாட்டுக் கடையானாலும் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, சோறு இருக்கிறதா என்பதுதான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் போவோம். மத்தியானத்துக்கு விலை குறைவு, ஒரு தட்டு வாங்கினால் இரண்டு பேருக்குக் காணும். பில்லுக்கு மேல் 13 சதவீதம் வரி, அதற்கு மேல் பரிமாறுகிறவருக்கு 15, 18 சதவீதம் என்று வைக்க வேண்டும். அது இங்கே கட்டாயம் மாதிரிதான். உங்கள் கடையில் டிப்ஸ் வாங்கக் கூடாது என்று மாரியிடம் சொல்லி வைத்திருப்பீர்களே, அதை நினைத்துக்கொள்வேன்.

கடைகள் எல்லாம் ‘பிளாசா’ என்கிற வரிசைக் கட்டடத்தில் இருக்கும். முன்னால் கார் நிறுத்துகிற பெரிய வெளி, பின்னால் சலூன், சலவைக் கடை, வரிக் கணக்கு எழுதுகிறவர், அவற்றுக்கு நடுவில் நாலைந்து சாப்பாட்டுக் கடை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே எட்டு மேஜை, ஒரு குடும்பம், ஒரு அடுப்பு. நம்ம கடை மாதிரியேதான் அப்பா.

முதலில் டிரினிடாட்காரர் கடையைச் சொல்கிறேன், உங்களுக்காகவே. நான் கதவைத் திறந்ததும் கேட்டது ஒரு சத்தம். சாயங்காலம் நீங்கள் நாலு பரோட்டாவை அடுக்கி இரண்டு கையாலும் அடிப்பீர்களே, அந்தச் சத்தம். குளிரில் காது அடைத்துப்போய்விட்டது என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் ஒரு ஆன்ட்டி பெரிய இரும்புக் கல்லில் சுட்ட ரொட்டியை இரண்டு மரத் துடுப்பால் அடித்து உதிர்க்கிறார். மைதாதான். திரட்டி, எண்ணெய் தடவி, நடுவிலிருந்து ஓரம் வரை ஒரு வெட்டு வெட்டி, கூம்பு மாதிரிச் சுருட்டி அமுக்கி வைத்துவிடுகிறார். அது ஊறிய பிறகு மறுபடி திரட்டிக் கல்லில் போடுகிறார். வீசுவது கிடையாது. ஆனால் அடித்து முடித்ததும் நம்ம பரோட்டா மாதிரியே இழை இழையாக வந்து விழுகிறது. அதற்குப் பெயர் ‘பஸ் அப் ஷட்’, கிழிந்த சட்டை என்று அர்த்தமாம். தொட்டுக்கொள்ள ஆட்டுக் கறிக் குழம்பு, இல்லையென்றால் கொண்டைக்கடலையும் உருளைக்கிழங்கும், பக்கத்தில் மசித்த பூசணிக்காய். மிளகாய்ச் சாஸ் ஒன்று வைப்பார்கள், பாதிக் கரண்டிக்கே கண்ணில் நீர் வந்துவிடும்.

1845-இல் வெள்ளைக்காரன் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போன முதல் கப்பல் மே 30 அன்று அந்த டிரினிடாட் தீவில் போய் நின்றதாம். இன்றைக்கும் அந்த நாள் அங்கே விடுமுறை. 1917 வரைக்கும் கப்பல்கள் போயிருக்கின்றன. பெரும்பாலும் கல்கத்தாவிலிருந்து, கொஞ்சம் பேர் மதராஸிலிருந்து. ஆன்ட்டியின் கொள்ளுப்பாட்டி எந்த ஊர் என்று அவருக்குத் தெரியாது. ஊர் பெயர் போய்விட்டது, பாஷை போய்விட்டது, ரொட்டிக் கல் மட்டும் கை மாறி வந்திருக்கிறது. கல்லை ‘தாவா’ என்றுதான் சொல்கிறார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை கூட்டத்தில் அவர் திணறிக்கொண்டிருந்தபோது, உள்ளே போய் இரண்டு உருண்டையை வீசிக் காட்டினேன். பத்தாம் வகுப்பு லீவில் பழகியது, கை மறக்கவில்லை. அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அன்றிலிருந்து சனி ஞாயிறு போய்க் கூடமாட நிற்கிறேன். சும்மா, நேரம் போவதற்காகத்தான். என்னைக் கல்லுப் பக்கம் வரவிடாமல் படிக்க அனுப்பியவர் நீங்கள், இதைப் படித்து வருத்தப்படாதீர்கள். ஆபீஸ் வேலை அது பாட்டுக்கு இருக்கிறது. இப்போதைக்கு வாரம் மூன்று நாள் வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்த வரிசையில் வியட்நாம்காரர் கடை. அங்கே ‘ஃபோ’ என்று ஒரு சூப், அரிசி நூடுல்ஸ் போட்டது. பெரும்பாலும் மாட்டு எலும்பில் செய்வார்கள், நான் கோழி போட்டதைத்தான் வாங்குகிறேன், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். இஞ்சியையும் வெங்காயத்தையும் தீயில் கருகச் சுட்டுப் போட்டு, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ சேர்த்து மணிக்கணக்காகக் கொதிக்க விடுகிறார்கள். அந்த மணம் வந்ததும் நம்ம சால்னா அண்டாவின் மூடியைத் திறந்த மாதிரி இருக்கும். கிண்ணத்தோடு ஒரு தட்டு நிறையப் பச்சை இலை, முளைப்பயறு, எலுமிச்சை, பச்சை மிளகாய் தனியாக வரும். நாமே கிள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும். கல்லாவில் இருக்கிற பெரியவர் படகில் தப்பி வந்தவர். 1979, 80-இல் மட்டும் வியட்நாம், கம்போடியா, லாவோஸிலிருந்து தப்பி வந்தவர்களில் சுமார் 60,000 பேரை இந்த நாடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. சளி பிடித்தால் நான் அங்கேதான் போகிறேன்.

கல்கத்தாவிலிருந்து வந்த சீனர்கள் நடத்துகிற ‘ஹக்கா’ கடைகளும் இங்கே நிறைய. சில்லி சிக்கன் நம்ம ஊரில் கிடைப்பது மாதிரியேதான் இருக்கும், அதனால் அதிகம் போவதில்லை. ஈழத்துக்காரர் கடையில் இடியாப்பமும் கொத்து ரொட்டியும் கிடைக்கும். கடைக்கார அண்ணன் ‘தம்பி, சொதி விடட்டோ?’ என்று கேட்பார். அவர்கள் சொதி வேறு அப்பா, தேங்காய்ப் பாலில் மஞ்சள் போட்டுத் தண்ணீராக இருக்கும். நம்ம சொதியில் போடுகிற பாசிப்பருப்பும் காயும் அதில் கிடையாது. ஆனாலும் தமிழில் கேட்டுத் தமிழில் வாங்கிச் சாப்பிடுவதற்காகவே போகலாம்.

குயா தன் ஊர்க் கடைக்கும் ஒரு நாள் கூட்டிப்போனார். ‘சினிகாங்’ என்று ஒன்று. புளித் தண்ணீரில் மீனும் கீரையும் முள்ளங்கியும் கத்தரிக்காயும். ஒரு வாய் குடித்துவிட்டு ‘இது ரசம்’ என்றேன். இல்லை, சினிகாங் என்றார். இல்லை ரசம் என்றேன். கொஞ்ச நேரம் இப்படியே போனது. சோற்றில் விட்டுப் பிசைந்து சாப்பிட்டேன். அவரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் சாப்பிட்டார்.

இனிமேல் எழுதப்போவதை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

பொங்கலுக்கு மறுவாரம், முந்தாநாள்தான், டான்ஃபோர்த் என்கிற தெருவுக்கு பஸ்ஸும் ரயிலும் மாறிப் போனோம். அங்கே எத்தியோப்பியர் கடைகள் இருக்கின்றன. ‘இஞ்சரா’ என்று சுளகு அகலத்துக்கு ஒரு தோசை. தெஃப் என்று கடுகைவிடப் பொடியான ஒரு தானியம், அதை அரைத்து நாள் கணக்கில் புளிக்க வைத்து ஊற்றுகிறார்கள். ஒரு பக்கம்தான் வேகவிடுகிறார்கள், மேல் பக்கம் முழுக்கக் கண் கண்ணாக இருக்கிறது. மூன்றாம் நாள் மாவுத் தோசையின் புளிப்பு. அதற்கு மேலேயே பருப்பு, முட்டைக்கோஸ், கோழிக் குழம்பு என்று வெஞ்சனத்தைக் குவித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே தட்டு. கையால் பிய்த்துச் சாப்பிட வேண்டும்.

பக்கத்து மேஜையில் கடைக்காரரின் அம்மா, வெள்ளை முக்காடு போட்ட ஒரு ஆச்சி, உட்கார்ந்திருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, ஒரு துண்டைக் கிள்ளிக் குழம்பில் புரட்டி உருட்டி என் வாய்க்கு நேரே நீட்டினார். அவர்கள் ஊரில் அப்படி ஊட்டுவது அன்புக்காகவாம், ‘குர்ஷா’ என்று பெயர், மறுக்கக் கூடாது என்று மகன் சொன்னார். வாயைத் திறந்தேன்.

அப்பா, இன்னொருவர் கையால் ஒரு வாய் சாப்பிட்டு நாலு வருஷமாகிறது. நீங்கள் பதினொன்றரைக்குக் கடையடைத்து வந்து, மிஞ்சின பிய்ந்த பரோட்டாவை அடிச் சால்னாவில் ஊறப்போட்டு, தூங்குகிற என்னையும் அக்காவையும் எழுப்பி உட்காரவைத்து ஆளுக்கு ஒரு உருண்டை ஊட்டுவீர்கள். உங்கள் விரலில் டால்டா மணமும் பீடி மணமும் சேர்ந்திருக்கும். நாங்கள் கண்ணைத் திறக்காமலே மெல்லுவோம். அந்த ஆச்சி கையில் வேறு ஏதோ மசாலா மணம். ஆனால் எனக்கு மெல்ல முடியவில்லை. குயா ஒன்றும் கேட்கவில்லை, தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். திரும்பி வரும்போது ரயிலிலும் பஸ்ஸிலும் நாங்கள் பேசவில்லை. அன்று ராத்திரி உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன்.

சரி, கடை விஷயத்துக்கு வருகிறேன்.

தோள்பட்டை தூக்க முடியவில்லை, சித்திரையோடு கடையை விட்டுவிடலாம், கல்லைத் திருவேங்கடம் ரோட்டுக்காரர் எடைக்குக் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கல்லைக் கொடுக்காதீர்கள் அப்பா. இருபத்தெட்டு வருஷம் எண்ணெய் குடித்த கல் அது, எடைக்குப் போட்டால் எவ்வளவு வந்துவிடும்? காலை இட்லியை நிறுத்திவிடுங்கள், சாயங்காலம் மட்டும் திறங்கள். கல்லில் மாரி நிற்கட்டும். அவனுக்குச் சம்பளம் என்று இல்லாமல், வருகிற லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று பேசிவிடுங்கள், ஒட்டிக்கொண்டு வேலை பார்ப்பான். நீங்கள் கல்லாவில் உட்கார்ந்து சால்னாவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், போதும். கட்டட ஓனர் அட்வான்ஸ் ஏற்றிக் கேட்டால் உடனே சரி என்று சொல்லிவிட வேண்டாம். பெரியத்தானைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள், எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மாசிக்குள் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போய்விடுங்கள். அக்கா நகையை மீட்க வைத்திருக்கிற பணத்தைத் தொட வேண்டாம், அத்தானுக்குத் தெரிந்தால் பேச்சு வரும். இந்த மாதம் நான் அனுப்பியது கொஞ்சம் குறைவு, பார்த்திருப்பீர்கள். அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். பாப்பாவின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் என் கணக்கு, மடியில் உட்காரவைக்க நான்தான் வர முடியாது. சின்னையா பையனை வைத்துச் செய்துவிடுங்கள். பின்பக்கத்து இடத்துப் பட்டாவில் ஆச்சி பெயர் இன்னும் இருக்கிறது, மாமா கேட்டால் கையெழுத்துப் போட வேண்டாம், நான் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

தோளுக்குத் தைலம் ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ராத்திரி தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். பீடியைக் குறையுங்கள்.

இப்படிக்கு,
அன்பு மகன்

பி.கு: சால்னா அளவு எழுதி அனுப்புங்கள். ஆன்ட்டி ஞாயிற்றுக்கிழமைக்கு நம்ம சால்னாவைப் போடலாம் என்கிறார். சோம்பு, கசகசா, பட்டை எல்லாவற்றையும் டம்ளர் கணக்கில், இல்லையென்றால் கிராம் கணக்கில் எழுதுங்கள். ஒரு கை என்று எழுதினால் உங்கள் கை அளவு எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.