'க்ராஷ்' தொடர் நிறைவு: துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கம்ப்யூட்டரின் விளையாட்டுகளுக்காக வந்த 'க்ராஷ்' என்ற பிரிட்டிஷ் கேம் இதழின் கதையைத் தமிழில் எழுதத் தொடங்கியபோது என் கையில் இருந்தவை முதுகு கிழிந்த சில பிரதிகள்தான். 1984 பிப்ரவரி முதல் 1992 ஏப்ரல் வரை வந்த 98 இதழ்களையும் வரிசையாகப் படித்துத் தொடரை முடித்திருக்கிறேன் என்றால், அதற்கு நீங்களே காரணம். ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொன்ன நன்றி எனக்குப் போதவில்லை. எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும் என்று இந்த மடல்.

முதல் நன்றி, தன் சேகரிப்பை அப்படியே தூக்கிக் கொடுத்த பர்மிங்ஹாம் நண்பருக்கு. பள்ளி நாட்களில் காலையில் வீடு வீடாகப் பேப்பர் போட்டுச் சம்பாதித்த காசில் அவர் வாங்கிய இதழ்கள் அவை. விமர்சனங்களின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார்: இதை வாங்கலாம், இது வேண்டாம், இதை யாரிடமாவது கேட்டுப் பார்க்கலாம். அந்தக் குறிப்புகளைப் பார்த்த பிறகுதான் க்ராஷ் என்ன செய்தது என்பது எனக்கு முழுதாக விளங்கியது. ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்கான விளையாட்டு பதிந்த ஒரு கேசட் ஐந்தரை, ஆறு பவுண்டு விற்ற காலம். ஒரு சிறுவனுக்கு அது பல வாரச் சேமிப்பு. கேசட்டின் அட்டைப் படம் ஆயிரம் வாக்குறுதி தரும். உள்ளே இருப்பது என்னவென்று யார் சொல்வது? க்ராஷ் ஒரு விளையாட்டைப் பலரிடம் கொடுத்து, அவரவர் கருத்தைத் தனித்தனியாக அச்சிட்டது. வரைகலை, விளையாடும் சுகம், விடாமல் இழுக்கும் தன்மை, கொடுத்த காசுக்கு ஈடா என்று ஒவ்வொன்றுக்கும் சதவீதம் போட்டது. மொத்தத்தில் 90ஐத் தொட்டால் 'க்ராஷ் ஸ்மாஷ்' பட்டம். விமர்சித்தவர்களில் பலர் லட்லோ ஊரின் பள்ளி மாணவர்கள். வாங்கப் போகிறவனின் வயதுக்காரனே தீர்ப்புச் சொன்னான். அந்தத் தீர்ப்பை ஆசிரியர்கள் மதித்து அச்சேற்றினார்கள். இளம் வாசகரின் காசுக்கும் கருத்துக்கும் இத்தனை மரியாதை தந்த இதழ்கள் குறைவு என்பது என் உறுதியான எண்ணம். 1986இல் மாதம் ஒரு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றதில் எனக்கு வியப்பே இல்லை.

ஷ்ராப்ஷயரின் சின்னஞ்சிறு ஊரான லட்லோவிலிருந்து, லண்டனின் பெரிய பதிப்பகங்கள் எதன் துணையும் இல்லாமல் இதை நடத்தியவர்கள் ராஜர் கீன், ஆலிவர் ஃப்ரே, ஃப்ராங்கோ ஃப்ரே மூவரும். தபாலில் கேம் விற்கும் தொழிலாகத் தொடங்கியது, இதழாக வளர்ந்தது. 1985இல் கமடோர் 64 என்ற இன்னொரு வீட்டுக் கம்ப்யூட்டருக்காக 'ஸாப்64' என்ற தம்பி இதழும் பிறந்தது. அந்தக் காலத்து அச்சுவேலையை எனக்குப் பொறுமையாக விளக்கிய, ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர் ஐயாவுக்கு நன்றி. எழுத்துகளை நீளத் தாள்களில் எடுத்து, கத்தியால் நறுக்கி, பக்கத்தில் ஒட்டி, கோணல் பார்த்து மறுபடி ஒட்டி என்று அவர் கையால் செய்து காட்டினார். விளையாட்டின் படம் வேண்டுமென்றால் இருட்டில் டிவி திரையைக் காமிராவால் எடுப்பார்களாம். அதன் பிறகு என்னால் எந்தப் பக்கத்தையும் சட்டென்று புரட்ட முடியவில்லை.

ஆலிவர் ஃப்ரேயின் அட்டைப் படங்களைப் பற்றி எழுதிய பகுதிக்குத்தான் அதிகக் கடிதங்கள் வந்தன. திரையில் நாலு கட்டமாகத் தெரியும் ஓர் உருவத்துக்கு அவர் தசையும் வியர்வையும் அச்சமும் கொடுத்தார். 2022 ஆகஸ்டில் அவரும், 2023 ஜனவரியில் ராஜர் கீனும் மறைந்தார்கள். அவர்கள் கையில் கொடுத்திருக்க வேண்டிய நன்றியை இங்கே பதிந்து வைக்கிறேன்.

தன் 48K ஸ்பெக்ட்ரத்தையும் டேப் ரெக்கார்டரையும் தூக்கிக்கொண்டு வந்து என்னோடு உட்கார்ந்த தோழிக்கு என்ன சொல்வேன்! 'போக்' (POKE) என்பது கம்ப்யூட்டர் நினைவகத்தின் ஓர் இடத்தில் இருக்கும் எண்ணை மாற்றும் கட்டளை. க்ராஷின் 'போக்' பக்கங்களை வெறுமனே படித்தால் அவை எண்கள்தான். 'மேனிக் மைனர்' விளையாட்டுக்கு 35136,0 என்ற போக்கை எங்கே செருக வேண்டும் என்று அவர் காட்டினார். அந்த நினைவக முகவரியில் இருப்பது உயிர்களில் ஒன்றைக் குறைக்கும் கட்டளை. அங்கே 0 வைத்தால் கம்ப்யூட்டர் ஒன்றும் செய்யாமல் கடந்து போகும், உயிர் குறையாது. 'ஜெட் செட் வில்லி'யில் பரண் அறைக்குள் போனால் வேறு சில அறைகள் கெட்டு, விளையாட்டை முடிக்கவே முடியாமல் போகும். அதைச் சரிசெய்யவும் போக்குகள்தான் வந்தன. எத்தனையோ பிள்ளைகள் கம்ப்யூட்டரின் உள்ளே எட்டிப் பார்த்த முதல் சாளரம் இந்தப் பக்கங்கள்.

என்னிடம் இல்லாத இதழ்களை ஸ்கேன் வடிவில் படித்தேன். பின்னை நெகிழ்த்தி, நடுமடிப்பில் எழுத்து விழுந்துவிடாமல் ஒவ்வொரு தாளாக ஸ்கேன் செய்தவர்களின் பெயர்கூடப் பல கோப்புகளில் இல்லை. கட்டுரைகளை முழுவதும் மறுபடி தட்டச்சு செய்து வைத்தவர்களும் உண்டு. 1995இல் 'வேர்ல்ட் ஆஃப் ஸ்பெக்ட்ரம்' காப்பகத்தைத் தொடங்கி, உரிமையாளர்களிடம் அனுமதி கேட்டுக் கேட்டுச் சேர்த்த மார்ட்டைன் வான் டெர் ஹைடே இல்லாவிட்டால் இந்தத் துறையில் யாரும் எதுவும் எழுதியிருக்க முடியாது. ஒரு ரூபாய் லாபம் இல்லாத வேலை இது. அதைச் செய்த எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

மெய்ப்புத் திருத்திய தங்கைக்கும், ஒவ்வொரு பகுதிக்கும் கடிதம் எழுதிய வாசகர்களுக்கும் நன்றி. லாயிட் மாங்க்ரம் யார் என்று பலர் கேட்டிருந்தீர்கள். க்ராஷின் கடிதப் பகுதியில் பதில் எழுதியவர். அப்படி ஓர் ஆள் உண்மையில் கிடையாது, அது ஆசிரியர் குழு வைத்துக்கொண்ட பெயர். ஆனால் பதில்கள் உண்மையானவை, சில மிக அழகானவை.

தொடரின் கட்டுரைகளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். என்னிடம் கேட்க வேண்டியதில்லை. அடுத்து ஸாப்64 பற்றி எழுத ஆசை. கமடோர் பக்கம் வளர்ந்தவர்கள் உங்கள் நினைவுகளை எழுதி அனுப்புங்கள்.

நன்றியுடன்,
உங்கள் தொடர் எழுத்தாளர்