களம் கொடுத்தவர்களுக்கு

மன்னார்குடி ஊர்மக்களுக்கும் வெளியூரில் இருக்கும் எங்கள் பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

நம் கராத்தே வகுப்புக்குப் போன வாரம் சிமெண்ட் தளம் போட்டு, மேலே தகரக் கூரையும் மாட்டியாயிற்று. இத்தனை வருடமும் அடுத்தவர் இடத்தில் நின்றுதான் பழகினோம். இடம் கொடுத்தவர்களுக்கு ஒரு தடவையாவது எழுத்தில் நன்றி சொல்லிவிட வேண்டும்.

முதலில் ரைஸ் மில் ஐயா. ப்ரூஸ் லீ படம் பார்த்துவிட்டுத் தெருவில் சங்கிலியால் கோத்த இரட்டைக் கட்டையான நுஞ்சாக்கைச் சுழற்றிய பையன்களை ஊர் நல்ல பிள்ளைகளாக நினைக்காத காலம் அது. மாஸ்டர் போய்க் கேட்டதும், "நெல்லை அள்ளினப்புறம் களம் சும்மாதானே கிடக்கு, வாங்க" என்றார். அவித்த நெல்லை அள்ளி முடிக்க மாலை ஐந்து மணியாகும். சிமெண்ட் அப்போதும் சுடும். வெறுங்காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நிற்போம். மாஸ்டர் அதற்குள் களத்தைப் பெருக்கியிருப்பார். ஜப்பானின் ஒகினாவா தீவிலிருந்து 1922-ல் டோக்கியோ போன கராத்தே ஆசான் கிச்சின் ஃபுனகோஷி, தன் ஊர் மாணவர்கள் படித்த விடுதியில் தங்கி, முற்றம் பெருக்கி, அங்கேயே கராத்தே சொல்லிக்கொடுத்த கதையை எங்களுக்கு அவர் சொன்னது துடைப்பமும் கையுமாகத்தான்.

கடைத்தெரு டெய்லர் அண்ணனுக்கு நன்றி. வெள்ளை டிரெஸ் வாங்க யாரிடமும் காசில்லை. காடாத் துணி எடுத்துக் கொடுத்தோம். முதல் பேன்ட் உதைத்த வேகத்தில் கிழிந்தது. அண்ணன் களத்துக்கே வந்து, நாங்கள் காலைத் தூக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தொடையிடுக்கில் தனித்துண்டு வைத்துத் தைத்துத் தந்தார். அப்புறம் ஒன்றும் கிழியவில்லை. தையல் கூலியும் வாங்கவில்லை.

அடுத்து, பூக்கட்டும் அம்மா. வகுப்பில் சேர்ந்த முதல் பெண் அவருடைய மகள். துணைக்கு வந்தவர் மில் வாசற்படியில் பூக்கூடையோடு உட்கார்ந்துவிடுவார். கை நாரில் பூவைத் தொடுக்கும், கண் களத்தில் இருக்கும். கட்டா என்றால் வரிசை மாறாமல் செய்ய வேண்டிய அசைவுகளின் தொகுப்பு. ஹெயான் ஷோடான் கட்டாவில் 21 அசைவு. மகள் ஓரிடத்தில் பக்கம் மாறித் திரும்பினால் மாஸ்டருக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும், தொடுக்கும் கை நின்றுவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஒகினாவாவில் இத்தோசு ஆன்கோ அமைத்த கட்டா வரிசையில் வருவது அது. 'ஹெயான்' என்பதற்கு அமைதி என்று பொருள். அந்த அம்மா உட்கார்ந்திருக்கிறார் என்ற தைரியத்தில்தான் மற்ற வீடுகளிலும் பெண்பிள்ளைகளை அனுப்பினார்கள். இன்று சின்னப் பிள்ளைகள் வகுப்பை எடுப்பது அவர் மகள்தான்.

மில் நின்றுபோனதும், ஒரு குடும்பம் தங்கள் தென்னந்தோப்பில் கொட்டகை போட்டுக்கொள்ளச் சொன்னது. 2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டிக் கஜா புயல் வந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் கொட்டகை மேல் இரண்டு மரம் கிடந்தது. தோப்பில் நிற்பதற்கு மரமே இல்லை. பிள்ளை மாதிரி வளர்த்த மரங்களை இழந்து நிற்பவர்களிடம் நாங்கள் எதைப் பேசுவது? அந்த ஆச்சிதான் பேசினார்: "கூரை போனா என்ன, பிள்ளைங்க சத்தம் நிக்கக்கூடாது. இந்த இடத்தை நீங்களே வச்சுக்கங்க." இந்தத் தளம் அந்த மண்ணில்தான் இருக்கிறது.

விழுந்த மரங்களை அறுத்துத் தள்ளியவர்கள், மின்கம்பம் நட வெளிமாவட்டத்திலிருந்து வந்திருந்த தொழிலாளர்கள். நாள் முழுக்கக் கம்பத்தில் தொங்கிவிட்டு வந்து அதைச் செய்தார்கள். பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, அது எங்கள் தப்பு. ஃபுனகோஷிக்காக நன்கொடை திரட்டி 1939-ல் கட்டிய ஷோடோகான் பயிற்சிக் கூடம் 1945 குண்டுவீச்சில் எரிந்ததையும், அவர் மாணவர்கள் 1949-ல் ஜப்பான் கராத்தே சங்கம் தொடங்கியதையும் அந்த வாரம்தான் மாஸ்டர் சொன்னார். மறுநாளே ஹரித்ராநதி தெப்பக்குளக் கரையில் வகுப்பு நடந்தது.

டோக்கியோ ஒலிம்பிக்கில் இருந்த கராத்தே பாரிஸில் இல்லை என்றானதும் சிலர் நின்றுவிட்டார்கள். பிள்ளைகளைத் தொடர்ந்து அனுப்பிய பெற்றோருக்குத் தனி நன்றி.

வருகிற ஞாயிறு காலை ஆறரைக்குப் புதுத் தளத்தில் எல்லோரும் சேர்ந்து ஹெயான் ஷோடான் செய்கிறோம். வாசலோரம் சின்னதாக ஒரு திண்ணை கட்டியிருக்கிறோம். பூக்கட்டும் அம்மா, கூடையோடு வாருங்கள். யாராவது தப்பாகத் திரும்பினால் சொல்லுங்கள்.

அன்புடன்,
மில் களத்தில் பழகிய ஒரு மாணவன்